குளுக்கோமா அறுவை: தழும்பு மருந்துக்குத் தனிக் கட்டணமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64. மூன்று வகைச் சொட்டு மருந்து போட்டும் கண் அழுத்தம் குறையாததால் குளுக்கோமா அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தழும்பு ஏற்படாமல் தடுக்கும் மருந்தைப் பஞ்சில் வைப்பது பழைய முறை, ஊசியாகப் போடுவது நவீன முறை, அதற்கு 15,000 ரூபாய் கூடுதலாகும் என்கிறார் மருத்துவமனைக் கவுன்சலர். எதைத் தேர்ந்தெடுப்பது?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் அந்த 15,000 ரூபாயைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு செலவு இருக்கிறது.

இந்த அறுவையில், கண்ணுக்குள் தேங்கும் நீர் வெளியேற வெள்ளை விழியில் ஒரு சிறு வழி திறக்கிறோம். வெளியேறும் நீர், மேலே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் அடியில் பரவி உறிஞ்சப்படும். ஆனால் உடம்புக்கு இதுவும் ஒரு காயம்தான். தழும்பு கட்டி மூடப் பார்க்கும். மூடிவிட்டால் அழுத்தம் பழையபடி ஏறும். அதைத் தடுக்கத்தான் மைட்டோமைசின். குப்பியில் புற்றுநோய் மருந்து என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண்ணுக்கு நாங்கள் எடுப்பது துளியளவு.

பஞ்சு முறையில், மருந்தில் நனைத்த சிறு பஞ்சுத் துண்டுகளைச் சவ்வின் அடியில் இரண்டு மூன்று நிமிடம் வைத்து, எண்ணி எடுத்து, உப்பு நீரால் நன்றாகக் கழுவுவோம். ஊசி முறையில், நீர்த்த மருந்தைச் சுமார் 0.1 மில்லி அளவு சவ்வின் அடியில் செலுத்திப் பரப்பிவிடுவோம். ஊசியில் சில நிமிடம் மிச்சம். மருந்தும் அகலமாகப் பரவும். பஞ்சை எடுத்துவிடலாம், உள்ளே போன ஊசி மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் அழுத்தம் குறைவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் மருத்துவரின் கை எதில் பழகியிருக்கிறதோ, அதுவே உங்கள் தந்தைக்கு நல்லது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றேதான். பிறகு எதற்கு 15,000? கவுன்சலர் என்ற பெயரில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் மருத்துவம் படித்தவர்கள் அல்லர், பேக்கேஜ் விற்பவர்கள். ‘நவீனம்’ என்று சொன்னால் பயந்துபோன குடும்பம் பணத்தைக் கட்டிவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். கண்புரை அறுவையில் வைக்கும் லென்ஸில் ஆரம்பித்த இந்த வியாபாரம் இப்போது ஊசி முனைக்கும் வந்துவிட்டது. ரசீதில் எந்தத் தலைப்பில் எழுதுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். அறுவை செய்யும் மருத்துவரிடமே நேரில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றும் கேளுங்கள். அந்த ஐந்து நிமிடம் கிடைப்பதுதான் நம் ஊரில் ஆகக் கடினமான காரியம்.

ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லுங்கள்: தந்தைக்கு இதே கண்ணில் ஏற்கெனவே கண்புரை அறுவை நடந்திருக்கிறதா? முகாமில் நடந்ததா? முகாம்களில் பெரும்பாலும் செய்யப்படும் ‘தையலில்லா’ முறையில், விழியின் மேற்பக்கச் சவ்வை விலக்கித்தான் உள்ளே போவார்கள். குளுக்கோமா அறுவைக்கு எங்களுக்கு வேண்டியதும் அதே இடம்தான். அங்கே பழைய தழும்பு ஒட்டிப் பிடித்திருந்தால் ஊசி மருந்து சீராகப் பரவாமல் ஒரு பக்கமாகத் தேங்கலாம். சவ்வைப் பிரித்துப் பஞ்சு வைப்பது கண் பார்த்துச் செய்யும் வேலை. மருந்தின் அளவும், அறுவை செய்யும் இடமும்கூட மாறலாம். பெரும்பாலும் கருவிழி ஓரத்தில் சிறு துளையிட்டுப் புரையைக் கரைத்தெடுக்கும் ஃபேக்கோ முறையில் செய்திருந்தால் பொதுவாக இந்தச் சிக்கல் குறைவு. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துப் போங்கள். சீட்டு கிடைக்காவிட்டால் எந்த ஆண்டு, எந்த ஊர் முகாம் என்றாவது சொல்லுங்கள்.

இனி அந்த 15,000. அறுவைக்குப் பிறகான முதல் சில வாரங்களில்தான் தழும்பு மும்முரமாகக் கட்டும். ஸ்டீராய்டு சொட்டைச் சொன்னபடி விட வேண்டும்; கண் வெளுத்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தக் கூடாது. அடிக்கடி வரச் சொல்வார்கள். சில சமயம் லேசரால் தையலைத் தளர்த்த வேண்டியிருக்கும், சில சமயம் ஊசி முனையால் தழும்பைக் கிழித்துவிட வேண்டியிருக்கும். பல பேக்கேஜ்களில் இவை எதுவும் சேராது, காப்பீட்டிலும் இழுபறிதான். இவையெல்லாம் கட்டணத்தில் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள்.

போன பார்வை இந்த அறுவையால் திரும்பாது. இருப்பதைக் காக்கத்தான் இது. மைட்டோமைசினின் வேலையால் அறுவை செய்த இடத்துச் சவ்வு எப்போதுமே சற்று மெலிந்திருக்கும், கிருமி எளிதாக உள்ளே போகும். கண் சிவந்தாலோ, வலித்தாலோ, பீளை தள்ளினாலோ, பார்வை மங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஐந்து வருடம் கழித்து வந்தாலும் இதேதான். மருந்துக் கடையில் சொட்டு வாங்கி இரண்டு நாள் போட்டுப் பார்க்கும் வேலை கூடாது.