ஜெர்மனியில் எம்.எஸ்.: மாதம் 200 யூரோ பற்றாக்குறைக்கு வழி

முடக்கக் கணக்கிலிருந்து (விசாவுக்காக முன்பே பணம் போட்டு, மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்கும் வங்கிக் கணக்கு) மாதம் வரும் 992 யூரோ போதவில்லை, சொந்தப் பொறுப்பில் உணவு டெலிவரி செய்யலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது சுயதொழிலாகவே கருதப்படும். வெளிநாட்டினர் அலுவலகத்தின் தனி அனுமதி இல்லாமல் செய்தால் விசா புதுப்பிக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். சம்பள ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுக்கும் நிறுவனம் என்றால் சரி.

முதலில் உங்கள் துறையிலேயே 'ஹிவி' (பல்கலைக்கழகத்தில் மாணவர் உதவியாளர்) வேலை தேடுங்கள். ஆய்வகத் தலைவருக்கு நேராக மெயில் போடுங்கள்; பல இடங்கள் விளம்பரத்துக்கே வருவதில்லை. பெரிய லாபம், வெளிநாட்டு மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள் (அல்லது 280 அரை நாள்) மட்டுமே வேலை பார்க்கலாம் என்ற வரம்பில் இது சேராது. ஆனால் ஒப்பந்தக் காகிதம் நகர வாரக்கணக்கில் ஆகும். முதல் சம்பளமும் தாமதமாகும், ஒரு மாத வாடகையைக் கையில் வையுங்கள்.

அது அமையாவிட்டால் மினிஜாப், அதாவது மாதச் சம்பளத்துக்கு வரம்பு உள்ள சிறு பகுதிநேர வேலை. 2026-இல் மாத வரம்பு 603 யூரோ, குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 13.90. உங்கள் 200-க்கு மாதம் 15 மணி நேரமே போதும். சேரும்போதே ஓய்வூதியப் பிடித்தம் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் 3.6% மிச்சம்.

இரண்டு வேலை பார்த்தால் மணிகளைக் கூட்டிப் பாருங்கள். வகுப்பு நடக்கும் மாதங்களில் வாரம் 20 மணியைத் தாண்டினால் மாணவர் காப்பீட்டுச் சலுகை (சம்பளத்தில் காப்பீட்டுப் பிடித்தம் குறைவாக இருப்பது) போய்விடும். இரண்டாவது வேலைக்கு ஆறாம் வரிவகுப்பில் (கூடுதல் வேலைக்கான, அதிகம் பிடிக்கும் வகுப்பு) வரி பிடித்தால் பதற வேண்டாம், வருடம் முடிந்ததும் வரிக்கணக்கு தாக்கல் செய்தால் பெரும்பாலும் திரும்ப வரும். ஆறாம் வகுப்பில் பிடித்திருந்தால் தாக்கல் கட்டாயம், அடுத்த ஆண்டு ஜூலை 31-க்குள் முடித்துவிடுங்கள்.