பருத்திப்பால் வண்டிக்கு எந்த டாகிள் சுவிட்ச் போடுறது?

மேலூர்ல இருந்து ஒரு தம்பி எழுதியிருக்காரு. அவங்கப்பா சாயங்காலம் பருத்திப்பால் தள்ளுவண்டி போடுறாராம். வண்டில 12 வோல்ட் பேட்டரி ஒண்ணு, கூரையச் சுத்தி அஞ்சு மீட்டர் எல்இடி ஸ்ட்ரிப் ரெண்டு ரோல், அடுப்புப் பக்கம் ஒரு சின்ன ஃபேன், டம்ளர் கழுவுறதுக்கு கேன்ல இருந்து தண்ணி இழுக்க ஒரு 60 வாட்ஸ் பம்ப். மூணு மாசத்துல ரெண்டாவது டாகிள் சுவிட்சும் போயிருச்சு, சுவிட்ச்ச கீழ தட்டுனாலும் பம்ப் நிக்கவே மாட்டேங்குது, வயர உருவித்தான் நிறுத்துறாங்களாம். "60 வாட்ஸ 12ஆல வகுத்தா 5 ஆம்ப் தானண்ணே, சுவிட்ச்ல 6 ஆம்ப்னு போட்டிருக்கே, பெறகு ஏன் போகுது? கடைக்குப் போனா ரெண்டு காலா மூணு காலா ஆறு காலான்னு கேக்குறாங்க, எதச் சொல்றதுன்னு தெரியல. சித்திரைத் திருவிழாவுக்குள்ள சரி பண்ணணும், அழகர் ஆத்துல எறங்குற அன்னைக்கு ராத்திரி முழுக்க வண்டி நிக்கும், நடுவுல இருட்டாயிட்டா யாவாரம் போச்சு"ன்னு கேட்டிருக்காரு.

தம்பி, நீங்க போட்ட கணக்குல தப்பில்ல. பம்ப் ஓடிக்கிட்டு இருக்கும்போது 5 ஆம்ப் தான் இழுக்கும். ஆனா சுவிட்ச்சு சாகுறது ஓடிக்கிட்டு இருக்கும்போது இல்ல, போடுற அந்த நொடிலயும் அணைக்கிற அந்த நொடிலயும்தான். இத மட்டும் மனசுல வாங்கிட்டீங்கன்னா எந்த சுவிட்ச்சையும் நீங்களே பாத்து எடுத்துருவீங்க.

முதல்ல உங்க பழைய சுவிட்ச்ச கையில எடுத்து பக்கவாட்டுல என்ன எழுதியிருக்குன்னு முழுசா படிங்க. 6 ஆம்ப்னு மட்டும் இருக்காது, கூடவே 250 வோல்ட்னு போட்டு பக்கத்துல பாம்பு மாதிரி ஒரு நெளிவு இருக்கும், அப்படின்னா அந்த 6 ஆம்ப் ஏசிக்கு, அதாவது வீட்டுக் கரண்ட்டுக்குச் சொன்னது. டிசிக்கு, அதாவது பேட்டரி கரண்ட்டுக்குன்னா ஒரு நேர்கோடும் அதுக்குக் கீழ விட்டு விட்டு புள்ளி மாதிரி கோடும் இருக்கும், இல்லாட்டி டிசின்னு எழுதியே இருப்பாங்க. நம்ம வீட்டுக் கரண்ட்டு 50 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு செகண்டுக்கு நூறு தடவ ஜீரோவத் தொட்டுட்டுத் திரும்புது, அதனால சுவிட்ச்சு பிரியும்போது உள்ள ஒரு பொறி வந்தாலும் அடுத்த ஜீரோவுல தானா அணைஞ்சுரும். டிசில அந்த ஜீரோவே கெடையாது, பொறி பிடிச்சா பிடிச்சதுதான், காண்டாக்ட்டு, அதாவது உள்ள ஒட்டிப் பிரியிற ரெண்டு உலோகத் துண்டும், போதுமான தூரம் விலகுற வரைக்கும் எரியும். இதனாலதான் 250 வோல்ட் ஏசிக்கு 6 ஆம்ப் தாங்குற சுவிட்ச்ச அதே வோல்ட்டு டிசில அர ஆம்ப்புக்குக்கூட நம்ப முடியாது.

இங்கிட்டு ஒண்ணச் சேத்துச் சொல்லணும், இல்லாட்டி பயந்துருவீங்க. 12 வோல்ட்ல வெறும் லைட்ட மட்டும் அணைச்சா பொறி பெருசா நிக்காது, வெள்ளி காண்டாக்ட்டுக்கு நடுவுல பொறி நீடிக்கவே கிட்டத்தட்ட 12 வோல்ட் வேணும், அதனால 6 ஆம்ப்புக்குள்ள இழுக்குற எல்இடின்னா அந்த 6 ஆம்ப் சுவிட்ச்சே வருசக்கணக்கா தாங்கும். ஆனா இத நம்பிக்கிட்டு யாராவது 48 வோல்ட் ஈ-ரிக்‌ஷா பேட்டரிலயோ சோலார் பேனல் வயர்லயோ ஏசி சுவிட்ச்சப் போட்டுறாதீங்க, அங்க பொறி நின்னு எரியும், பிளாஸ்டிக்கு உருகும்.

உங்க வண்டில வில்லன் பம்ப்புதான். மோட்டார் சுத்த ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அது வெறும் செப்புக் கம்பி, சுத்த ஆரம்பிச்சாத்தான் எதிர் வோல்ட்டேஜ் வந்து கரண்ட்டு இறங்கும். அதனால போட்ட உடனே ஒரு கண்ணிமைக்கிற நேரம் அஞ்சாறு மடங்கு இழுக்கும், உங்களுக்கு 25, 30 ஆம்ப்ன்னு வைங்க. அதே நேரத்துல சுவிட்ச்சுக்குள்ள ரெண்டு காண்டாக்ட்டும் முட்டி, கொஞ்சம் எகிறி, மறுபடி முட்டுது, பந்து தரையில குதிக்கிற மாதிரி. ஒவ்வொரு எகிறலுக்கும் ஒரு பொறி, வெள்ளி லேசா உருகுது, உருகின இடத்துலயே ரெண்டும் ஒட்டிக்கிட்டு ஆறிப்போச்சுன்னா அது வெல்டிங்தான். நீங்க லீவர கீழ தட்டுறீங்க, லீவர் வருது, காண்டாக்ட்டு வரல. அப்புறம் அணைக்கும்போது வேற கூத்து, மோட்டார் காயில்ல தேங்குன சக்தி போக வழியில்லாம வோல்ட்டேஜ எங்கிட்டோ ஏத்திவிட்டு காண்டாக்ட்டுக்கு நடுவுல பொறியா பாயும், 12 வோல்ட்ல நிக்காத பொறி இங்க நிக்கும், காண்டாக்ட்டு குழி குழியா அரிச்சுப்போயிரும். உங்க பழைய சுவிட்ச்ச தூக்கிப் போட்டுறாதீங்க, கட்டிங் பிளேயர வச்சு மேல் தகட்ட நெம்பிப் பிரிச்சுப் பாருங்க, கருப்பேறி ஒட்டிக்கிட்டு இருக்கும்.

நானும் இதுல அடிபட்டவன்தான். தொழில் கத்துக்கிட்ட புதுசுல ஒரு தண்ணிப் பந்தலுக்கு பேட்டரில பம்ப்பு போட்டுக் குடுத்தேன், கைல இருந்த ஏசி சுவிட்ச்ச மாட்டிட்டு வந்துட்டேன். ராத்திரி ஒட்டிக்கிச்சு, யாரும் கவனிக்கல, தண்ணி தீந்த பெறகும் பம்ப்பு வறட்டு ஓட்டம் ஓடி வெள்ளெனப் போய்ப் பாத்தா மோட்டாரே கருகிக் கெடந்துச்சு. சுவிட்ச்சு வெல அம்பது ரூவாக்குள்ள, மோட்டார் போனது அந்தப் பந்தல் போட்ட பெரியவரோட காசு. இன்னைக்கும் பம்ப்புன்னு யாராவது சொன்னா எனக்கு அந்தப் பெரியவரு மொகந்தான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, இப்ப என்ன வாங்குறது. பம்ப்புக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஆட்டோ எலக்ட்ரிக்கல் சாமான் விக்கிற கடைல 12 வோல்ட் டிசி 20 ஆம்ப்னு எழுதின டாகிள் கெடைக்கும், ஒன்வே, அதாவது ரெண்டு கால் போதும், அத அப்படியே மாட்டுறது. ரெண்டாவது, எனக்குப் பிடிச்ச வழி, கார் ஹாரனுக்குப் போடுற 12 வோல்ட் 30 ஆம்ப் ரிலே, அதாவது சின்னக் கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட போட்டு அணைக்கிற காந்த சுவிட்ச்சு. அதுல 30, 85, 86, 87ன்னு நம்பர் அடிச்சிருக்கும். பேட்டரி பிளஸ் ஃபியூஸ் வழியா 30க்கு, 87ல இருந்து பம்ப்புக்கு, 86க்கு டாகிள் வழியா பிளஸ், 85 நெகட்டிவ்ல. இப்ப டாகிள் சுமக்குறது ரிலே காயிலோட கரண்ட்ட மட்டும்தான், கால் ஆம்ப்புகூட வராது, உங்க 6 ஆம்ப் சுவிட்ச்சே ஏகப்பட்ட காலம் உழைக்கும். பம்ப்போட பாரத்த தாங்குறதுக்குன்னே செஞ்ச காண்டாக்ட்டு ரிலேக்குள்ள இருக்கு, அதுவும் ஒருநாள் போகும்தான், போனா சாக்கெட்ல இருந்து உருவிட்டு வேற ஒண்ணச் சொருகிறலாம், திருவிழா ராத்திரில ஈயம் வச்சுக்கிட்டு உக்கார வேண்டியதில்ல. ரெண்டு ரிலே வாங்கி ஒண்ண கல்லாப்பெட்டிலயே போட்டு வைங்க.

எந்த வழில போனாலும் பம்ப்பு ரெண்டு வயருக்கும் குறுக்க ஒரு டயோடு (கரண்ட்ட ஒரு பக்கமா மட்டும் விடுற சாமான்) போட்டுருங்க, 6ஏ10ன்னு கேட்டா 6 ஆம்ப் டயோடு குடுப்பாங்க. கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். அணைக்கும்போது காயில்ல தேங்குன சக்தி இது வழியா சுத்தி வந்து அடங்கிரும், காண்டாக்ட்டுல பாயாது. மாத்திப் போட்டீங்கன்னா நேரா ஷார்ட்டு, அதனால ரெண்டு தடவ பாத்துட்டு மாட்டுங்க. ரிலே காயிலுக்குக் குறுக்கயும் இதே மாதிரி 1என்4007 ஒண்ணு, கோடு 86 பக்கம்.

கால் கணக்குக்கு வருவோம். ரெண்டு கால்னா ஆன் ஆஃப் மட்டும். மூணு கால்னா எஸ்பிடிடி, நம்ம ஆளுங்க டூவேம்பாங்க, மாடிப்படி லைட்டுக்குப் போடுறதும் இதே ஜாதிதான், நடுக்கால் பொது, அது ஒருநேரம் இந்தப் பக்கம் ஒருநேரம் அந்தப் பக்கம் சேரும். ஆறு கால்னா டிபிடிடி, ரெண்டு டூவே ஒரே லீவர்ல ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நெனச்சுக்கோங்க, மோட்டார முன்னயும் பின்னயும் சுத்த வைக்க இதத்தான் குறுக்க வயர் போட்டு மாட்டுவாங்க, உங்களுக்கு வேண்டியதில்ல. லீவர் எத்தன இடத்துல நிக்குதுன்னும் பாக்கணும், ஆன்-ஆஃப்-ஆன்னு இருந்தா நடுவுல நின்னு அணையும். ஆன்ங்கிற எழுத்து அடைப்புக்குறிக்குள்ள இருந்தா அது ஸ்ப்ரிங் டைப்பு, கைய எடுத்தா திரும்பி வந்துரும். நெறைய பேரு இதக் கவனிக்காம வாங்கிட்டு வந்து சுவிட்ச்சு நிக்கலன்னு திருப்பிக் குடுக்கப் போவாங்க.

லைட்டுக்கு நான் உங்களுக்குச் சொல்றது மூணு கால், ஆன்-ஆஃப்-ஆன், 10 ஆம்ப்புக்குக் குறையாம, டிசி ரேட்டிங் எழுதினது. ஏன்னா ஒரே எடத்துல நிக்கிற நாள்ல பக்கத்துக் கடைல இருந்து ஒரு லைன் வாங்கி 12 வோல்ட் எஸ்எம்பிஎஸ் (வீட்டுக் கரண்ட்ட 12 வோல்ட் டிசியா மாத்துற பொட்டி) போட்டு லைட்ட எரிச்சுக்கிட்டா பேட்டரி மிச்சம். நடுக்கால் லைட்டுக்கும் ஃபேனுக்கும், ஒரு கால் பேட்டரி பிளஸ், இன்னொரு கால் எஸ்எம்பிஎஸ் பிளஸ், பேட்டரி, எஸ்எம்பிஎஸ், லைட்டு மூணோட நெகட்டிவும் ஒண்ணாச் சேந்துரும். லீவர் ஒரு பக்கம் விட்டுட்டுத்தான் மறுபக்கம் பிடிக்கும், அதனால ரெண்டு சப்ளையும் ஒண்ணோடொண்ணு மோதாது. பம்ப்ப மட்டும் எஸ்எம்பிஎஸ் பக்கம் கொண்டுபோகாதீங்க, அது ஸ்டார்ட் ஆகுற இழுப்புல எஸ்எம்பிஎஸ் மூச்சுத் திணறி லைட்டு எல்லாம் மினுக்கும், பம்ப்பு எப்பவும் பேட்டரிலயே இருக்கட்டும்.

ஸ்ட்ரிப்பு எந்த வகைன்னு நீங்க எழுதல. மீட்டருக்கு 60 எல்இடி வச்ச சின்ன 3528 வகைன்னா மீட்டருக்கு 4.8 வாட்ஸ், பத்து மீட்டருக்கு 4 ஆம்ப், ஃபேனோட சேத்தாலும் 6ஐ தாண்டாது. அதே 60 எல்இடில பெருசா பளபளன்னு எரியிற 5050ன்னா மீட்டருக்கு 14.4 வாட்ஸ், பத்து மீட்டருக்கு 12 ஆம்ப் ஆயிரும், அப்ப 10 ஆம்ப் சுவிட்ச்சு பத்தாது, ரோலுக்கு ஒண்ணா ரெண்டு சுவிட்ச்சு போடுங்க. ரோல் மேல எழுதியிருக்கும், பாத்துட்டுப் போங்க.

கடைல வாங்கும்போது தட்டிப் பாருங்க, டக்குன்னு துள்ளி விழணும், பைய நகத்துனா பாதில நிக்கக் கூடாது. கழுத்தோட தடிமனப் பாருங்க, பெரிய டாகிளுக்கு 12 மில்லிமீட்டர் ஓட்டை, குட்டி டாகிளுக்கு 6. குட்டி வேண்டாம், அழகா இருக்கும், வண்டிக்கு ஆகாது. ப்ளைவுட் பலகைல நேரா மாட்டப் பாத்தா கழுத்து மறுபக்கம் எட்டாது, நட்டு போட எடம் இருக்காது, அதனால பலகைல பெரிய வெட்டு வெட்டிட்டு மேல 3 மில்லிமீட்டர் ஹைலம் ஷீட் (கரண்ட்டு கடத்தாத கெட்டித் தகடு) வச்சு அதுல மாட்டுங்க. கால் ஸ்க்ரூ டைப்பா, இல்ல லக் சொருகுற டைப்பா இருக்கட்டும், தள்ளுவண்டி குலுங்குற குலுக்கல்ல ஈயம் வச்ச ஜாயிண்ட்டு விட்டுப்போகும். பருத்திப்பால் கை, வெல்லப்பிசுக்கு, ஆவி, ரோட்டுப் புழுதி எல்லாம் சேந்து லீவர் வழியா உள்ள எறங்கும், அதுக்கு ரப்பர் தொப்பி தனியா விக்கிது, கேட்டு வாங்கி மாட்டுங்க.

ஃபியூஸ் இல்லாம ஒரு வயரும் போடக் கூடாது தம்பி, இதுல நான் இறங்கி வரவே மாட்டேன். 12 வோல்ட் கைல அடிக்காது, ஆனா ஷார்ட் ஆச்சுன்னா பேட்டரி நூத்துக்கணக்கான ஆம்ப்ப ஒரே மூச்சுல தள்ளும், பக்கத்துல கேஸ் அடுப்பு வேற. பிளஸ் டெர்மினல்ல இருந்து ஒரு சாண் தூரத்துக்குள்ள ஃபியூஸ் வந்துரணும், பம்ப்பு லைனுக்கு 15 ஆம்ப் நீலக் கலர் பிளேடு ஃபியூஸ், லைட்டு லைன் ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா 10 ஆம்ப் செவப்பு. வயரு பம்ப்புக்கு 2.5 ஸ்கொயர், லைட்டுக்கு 1.5.

அந்த எஸ்எம்பிஎஸ்க்குப் போற 230 வோல்ட் லைன மட்டும் இந்த டாகிள்ல கொண்டுவராதீங்க. லீவரும் கழுத்தும் உலோகம், கை எப்பவும் ஈரம். அதுக்கு வீட்ல போடுற ஐஎஸ்ஐ முத்திரை போட்ட 6 ஆம்ப் சுவிட்ச்சு, பிளாஸ்டிக் பாக்ஸ்ல, தண்ணி படாத பக்கம், மூணு வயர் எர்த்தோட. லைன் குடுக்குற கடைல 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட்டு கசிஞ்சா தானா அணையிற சுவிட்ச்சு) இருக்கான்னு கேளுங்க, இல்லன்னா அன்னைக்கு பேட்டரிலயே ஓட்டிக்கோங்க.

எல்லாம் மாட்டி முடிச்சதும் பம்ப்பையும் லைட்டையும் ஓடவிட்டு மல்டிமீட்டர டிசி 20 வோல்ட்ல வச்சு ஆன்ல இருக்குற லைட்டு சுவிட்ச்சோட நடுக்கால்லயும் இப்ப அதோட சேந்திருக்குற கால்லயும் முனைய வைங்க. நல்ல காண்டாக்ட்டுன்னா கிட்டத்தட்ட ஜீரோ காட்டும், 0.1க்குக் கீழ இருந்தா போதும். 0.2, 0.3ன்னு காட்டுனா அந்த வோல்ட்டு அங்கயே சூடாகுதுன்னு அர்த்தம், ஸ்க்ரூவ இறுக்கிட்டு மறுபடி பாருங்க, அப்பவும் எறங்கலன்னா அந்த சுவிட்ச்ச மாத்திருங்க. ரிலேல 30க்கும் 87க்கும் நடுவுலயும் இதே மாதிரி பாருங்க. இத திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்னாடியே ஒரு ராத்திரி முழுக்க ஓட்டிப் பாத்துருங்க, ஸ்ட்ரிப் ரோல் மேல என்ன எழுதியிருக்குன்னு எனக்கும் எழுதி அனுப்புங்க, வயர் அளவ இன்னொரு தடவ பாத்துச் சொல்றேன்.