க்ளோப் கட்டிய வீட்டில் ஸ்லாட் பால் காய்ச்சினாரா?

கேட்கப்பட்ட கேள்வி இது: 2025-இல் லிவர்பூல் கால்பந்து அணி வென்ற இங்கிலாந்தின் பிரீமியர் லீக் பட்டம் உண்மையில் முன்னாள் மேலாளர் யூர்கன் க்ளோப்புக்குத்தான் சொந்தம் என்றும், அதன் பிறகு வந்த சரிவு மட்டுமே அவரை அடுத்து மேலாளரான ஆர்னே ஸ்லாட்டின் சொந்தச் சம்பாத்தியம் என்றும் ரசிகர்கள் பலர் சொல்வது சரியா?

லாபம் வந்தால் அண்ணன் கணக்கு, நட்டம் வந்தால் தம்பி கணக்கு என்று எழுதும் இந்தப் பேரேட்டை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தனைக்கும் நான் க்ளோப்பின் பக்கம் சாய்ந்தவன்.

முதலில் அண்ணனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுகிறேன். க்ளோப்பின் கடைசிப் பருவமான 2023-24-இல் லிவர்பூல் 86 கோல்கள் அடித்து, 41 கோல்கள் வாங்கி, 82 புள்ளிகளுடன் மூன்றாம் இடத்தில் முடித்தது. ஸ்லாட்டின் முதல் பருவத்தில் அடித்ததும் அதே 86, வாங்கியதும் அதே 41. புள்ளிகள் மட்டும் 84, இடம் முதலாவது. 91 புள்ளிகளிலிருந்து மான்செஸ்டர் சிட்டி 71-க்கும், 89-இலிருந்து ஆர்சனல் 74-க்கும் இறங்கியதை மறந்துவிட்டு இந்தப் பட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. அந்தக் கோடையில் ஸ்லாட்டின் அணியில் புதிதாக வந்து சேர்ந்தவர் பெடரிகோ கியேசா ஒருவர்தான். அவரும் லீக் ஆட்டங்களில் மிகக் குறைவாகவே களமிறங்கினார். ஆகவே ஆட்டக்காரர்கள் க்ளோப்பினுடையவர்கள் என்பதில் வாதத்துக்கு இடமில்லை.

ஆனால் ரயன் கிராவன்பெர்க்கைப் பாருங்கள். 2023-இல் பயர்ன் மியூனிக்கிலிருந்து வந்த அவரை க்ளோப் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகவே வைத்திருந்தார். லிவர்பூல் வாங்க முயன்ற நடுக்கள ஆட்டக்காரர் மார்ட்டின் சுபிமெண்டி வர மறுத்ததும், ஸ்லாட் வேறு ஆளைத் தேடாமல், தற்காப்பு வரிசைக்கு முன்னால் நிற்கும் பொறுப்பை கிராவன்பெர்க்கிடம் கொடுத்தார். முதுகுக்குப் பின்னால் ஆள் வருவதை உணர்ந்து, பந்தைத் தொடாமலே உடலைத் திருப்பி அதை ஓடவிட்டு, அந்த ஒரே அசைவில் எதிரணியின் நடுக்களத்தை அவர் தாண்டிப் போவதை அந்தப் பருவம் முழுவதும் பார்த்தோம். அந்தப் பணிக்குப் பொருத்தமானவர் பெஞ்சிலேயே இருக்கிறார் என்று கண்டுகொண்டவர் ஸ்லாட். பட்டத்தில் அவருக்குரிய பங்கு அது.

க்ளோப் விட்டுச் சென்றதைக் கோப்பைகளை எண்ணி அளப்பவர்கள் சிட்டியின் மேலாளராக பெப் கார்டியோலா இருந்த காலத்தில் ஒரே ஒரு லீக் பட்டம் என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். 2018-19-இல் 97 புள்ளிகள் எடுத்தும் சிட்டி 98 எடுத்ததால் பட்டம் கைநழுவியது. அந்தப் பருவத்தில் லிவர்பூல் தோற்ற ஒரே லீக் ஆட்டத்தில் சிட்டியின் ஜான் ஸ்டோன்ஸ் கோட்டருகே வெளியேற்றிய பந்து கோலாவதற்கு 11.7 மில்லிமீட்டர்தான் மீதம் இருந்தது. என் மனத்தில் இருக்கும் அளவுகோல் வேறு. 2015 நவம்பரில் கிரிஸ்டல் பேலஸ் இரண்டாவது கோல் அடித்ததும் லிவர்பூலின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் ரசிகர்கள் ஆட்டம் முடியும் முன்பே எழுந்து போனார்கள். தனித்து விடப்பட்டதாக உணர்ந்தேன் என்று அப்போதுதான் பொறுப்பேற்றிருந்த க்ளோப் வெளிப்படையாகவே சொன்னார். அதே மைதானத்தில், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் 3-0 எனத் தோற்றிருந்த அணி, முன்கள ஆட்டக்காரர்கள் சலாவும் ஃபிர்மினோவும் இல்லாமல் பார்சலோனாவை 4-0 என வென்ற 2019 மே மாத இரவில் ஒருவரும் எழுந்து போகவில்லை. நம் ஊரில் நள்ளிரவு 12.30-க்குத் தொடங்கிய ஆட்டம். வீட்டார் உறங்குவதால் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டுப் பார்த்தேன். கார்னர் அடிக்க ஷகிரி வருகிறார் என்று எண்ணித் தண்ணீர் பாட்டிலை எடுக்கக் குனிந்தேன். நிமிர்ந்தபோது நான்காவது கோலை அடித்துவிட்டு ஓரிகி ஓடிக்கொண்டிருந்தார். விலகி நடப்பதுபோல் நடந்து, சட்டெனத் திரும்பி அலெக்சாண்டர்-ஆர்னால்டு அடித்த அந்தக் கார்னரை, பார்சலோனாவின் தற்காப்பு ஆட்டக்காரர்களைப் போலவே நானும் தவறவிட்டேன்.

இனி தம்பியின் நட்டக் கணக்கு. 2025-26-இல் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்ற அணி அடுத்த ஏழில் ஆறைத் தோற்றது. நவம்பரில் நான்கு நாள் இடைவெளியில் சொந்த மைதானத்திலேயே நாட்டிங்காம் ஃபாரஸ்டிடம் 3-0, நெதர்லாந்தின் பிஎஸ்வியிடம் 4-1 எனத் தோல்வி. அலெக்சாண்டர்-ஆர்னால்டும் லூயிஸ் டியாஸும் போய்விட்டார்கள், 12.5 கோடி பவுண்டுக்கு வந்த அலெக்சாண்டர் ஐசக்கால் தொடக்கத்தில் ஈடுகொடுக்க முடியவில்லை. தற்காப்பு ஆட்டக்காரர் கொனாட்டே செய்த பிழைகள் கோல்களாயின. பருவம் தொடங்கும் முன்பே, ஜூலையில், அணியின் முன்கள ஆட்டக்காரர் டியாகோ ஜோட்டா கார் விபத்தில் இறந்தார். அந்த உடைமாற்றும் அறையில் அது என்ன செய்திருக்கும் என்பதைப் புள்ளிப் பட்டியலைக் கொண்டு கணிக்க நான் துணிய மாட்டேன்.

“க்ளோப் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா?” என்று கேட்பவர்களுக்கு 2021-இன் தொடக்கம் மறந்துவிட்டது. க்ளோப்பின் அணிதான் அப்போது ஆன்ஃபீல்டில் தொடர்ந்து ஆறு லீக் ஆட்டங்களைத் தோற்றது. கிளப்பின் வரலாற்றிலேயே அப்படி முன்பு நடந்ததில்லை. 2022-23-இல் ஐந்தாம் இடம். ரியல் மாட்ரிட்டிடம் சொந்த மண்ணில் 5-2 தோல்வி. நடுக்களம் தேய்ந்துபோனதை அவர் தாமதமாகத்தான் ஏற்றுக்கொண்டார். ஆனால் ஏற்றுக்கொண்டதும், தான் வெளியேறுவதற்கு முந்தைய கோடையில், மெக்அலிஸ்டர், சொபோஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் என நால்வரைச் சேர்த்து அதை அடியோடு மாற்றிவிட்டுப் போனார். 2025-26-இல் அணி தள்ளாடியபோதும் தளராமல் ஆடியவர் அந்த நால்வரில் ஒருவரான சொபோஸ்லாய்தான். தேவைப்பட்டபோது வலது பின்களத்திலும் நின்றார். அதே நால்வரில் ஒருவரான மெக்அலிஸ்டர் அப்போது ஃபார்மில் இல்லை. யார் வாங்கிய ஆட்டக்காரர் என்று பிரித்து மதிப்பெண் போடுபவர்கள் இதை எந்தப் பத்தியில் எழுதுவார்கள்?

முகமது சலா பிரச்சினையும் ஸ்லாட்டின் கையாலாகாத்தனம் என்றே பேசப்படுகிறது. 2024-25 லீக் பருவத்தில் 29 கோல்கள் அடித்து 18 கோல்களுக்கு வழிவகுத்தவரை மூன்று ஆட்டங்களில் தொடர்ந்து பெஞ்சில் உட்காரவைத்ததும், லீட்ஸ் ஆட்டம் 3-3 என முடிந்த பிறகு, தன்னைப் பலிகடா ஆக்கிவிட்டதாக அவர் பொருமியதும் உண்மை. 33 வயதில் அவரது ஓட்டம் குறைந்திருந்ததும் கண்கூடு. ஆனால் 2024 ஏப்ரலில் வெஸ்ட் ஹாம் மைதானத்தின் எல்லைக்கோட்டருகே, மாற்று ஆட்டக்காரராக இறங்கக் காத்திருந்த இதே சலா ஒரு மேலாளருடன் வாக்குவாதம் செய்ததையும், தான் வாய் திறந்தால் தீப்பற்றும் என்று பின்னர் செய்தியாளர்களிடம் சொல்லிவிட்டு நடந்ததையும் நாம் பார்த்தோம். அந்த மேலாளர் க்ளோப்.