ஓலை நுனியை வைத்துப் பனையின் பெயர் சொல்ல முடியாது: வாசகர் கேள்வி-பதில்

சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பனை வகைகளைப் பற்றியவை. வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கேள்வி: படத்தில் இருப்பது எந்தப் பனை? எங்கள் புளோக்குக்குக் கீழே நிற்கிறது. செயலியில் போட்டால் மூன்று பெயர் காட்டுகிறது. (தோ பாயோ)

நீங்கள் அனுப்பியது ஓர் ஓலையின் நுனி. அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது. போன முறையும் இதைத்தான் எழுதினேன். நான்கு படம் வேண்டும்: முழு மரம், தண்டு, மட்டை தண்டோடு சேரும் இடம், பூங்குலை அல்லது காய். மூன்றாவதுதான் முக்கியம். அங்கே தென்னைபோலப் பன்னாடை இருக்கிறதா, கமுகுபோல வழவழப்பான பச்சைக் குழாய் இருக்கிறதா என்று பார்த்தாலே நிறையப் பெயர்கள் கழிந்துவிடும். அடுத்த முறை நான்கு படமும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

கேள்வி: ஒன்பதாம் மாடித் தாழ்வாரத்தில் வைத்திருக்கும் சிவப்புத்தண்டு லிப்ஸ்டிக் பனையின் நுனியெல்லாம் கருகுகிறது. உரம் போதவில்லையா? (செங்காங்)

உரம் இல்லை, தண்ணீர்தான் போதவில்லை. மலாயா, சுமத்ரா, போர்னியோ சதுப்புக் காடுகளின் மரம் அது. ஏர்கான் வெளிப்பெட்டியின் சூடான காற்று படுகிறதா என்று முதலில் பாருங்கள்; பட்டால் தொட்டியை நகர்த்துங்கள். அடியில் தண்ணீர்த் தட்டு வைக்க இந்த ஒரு வகைக்கு மட்டும் சரி என்பேன். ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தட்டைக் கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும், கொசு முட்டை ஒட்டிக்கொண்டிருக்கும். கருகிய நுனியை மட்டும் நறுக்கலாம். பச்சை மட்டையை வெட்டாதீர்கள்.

கேள்வி: டிராவலர்ஸ் பாம் பனை இனமா? (ஈசூன்)

இல்லை. நாம் விசிறி வாழை என்கிறோமே, அந்தப் பெயர்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சேகோ பனை என்று விற்கும் சைக்கஸும் பனை இல்லை. அதன் கொட்டை நஞ்சு, நாய் வளர்க்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: நூலகத்தில் எடுத்த ஆங்கிலக் கையேட்டில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தது. அப்படியே செய்தேன். என் லிக்குவாலா விசிறிப் பனை காய்ந்துகொண்டே வருகிறது. வேறு நல்ல கையேடு சொல்லுங்கள் ஐயா. (புக்கிட் பாத்தோக்)

வருடம் தவறாமல் இந்தக் கடிதம் வருகிறது, ஒவ்வொரு முறையும் மனசு கஷ்டப்படுகிறது. அந்தக் கையேடு குளிர்நாட்டு வாசகருக்கு எழுதியது. அங்கே குளிர்காலத்தில் வெளிச்சம் குறையும், செடி வளராமல் நிற்கும், ஈர மண்ணில் வேர் அழுகும். அதனால் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார்கள். நமக்கோ ஆண்டு முழுக்கப் பகல் 12 மணி நேரம். டிசம்பரில் வெப்பம் ஒன்றிரண்டு டிகிரி குறைவதோடு சரி. மழை கொட்டும் மாதம்தான், ஆனால் கூரைக்குக் கீழே இருக்கும் தொட்டிக்கு அதில் ஒரு சொட்டும் வராது. பிப்ரவரி காற்றடிக்கும் வறண்ட மாதம். அப்போது போய்த் தண்ணீரைக் குறைத்திருக்கிறீர்கள்!

‘தெற்கு ஜன்னலில் வையுங்கள்’ என்பதும் அதே கதை. நிலநடுக்கோட்டுக்கு ஒரு டிகிரிதான் தள்ளி இருக்கிறோம். தெற்கு ஜன்னலுக்கு அரை வருடம், வடக்கு ஜன்னலுக்கு அரை வருடம் வெயில். செடியைச் சுடுவது மேற்கு வெயில்தான்.

பல ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படி ஒரு லிக்குவாலாவை இழந்தேன். விசிறி மடிப்பு மடிப்பாக இருந்த இலை ஓரத்திலிருந்து தவிட்டு நிறமாகி மடிப்போடு மடிப்பு கிழிந்தது. தொட்டி மண் சுருங்கி, ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. ஊற்றிய தண்ணீரெல்லாம் அந்த இடைவெளி வழியே ஓடியிருக்கிறது, வேருக்குப் போகவில்லை. உங்கள் தொட்டியிலும் அப்படி இருந்தால் வாளித் தண்ணீரில் அரைமணி நேரம் முக்கி வையுங்கள், குமிழ் நிற்கும்வரை. அப்புறம் நிழலில் வையுங்கள். புது இலை விரியும்வரை உரம் வேண்டாம். குருத்தில் கை வைக்காதீர்கள்.

கையேடு கேட்டீர்கள். பெயர் கண்டுபிடிக்க எந்த நாட்டுக் கையேடும் உதவும். மட்டையும் பூங்குலையும் ஊருக்கு ஊர் மாறாது. ‘ஜெனரா பால்மாரம்’ வாங்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். 2008இல் வந்த இரண்டாம் பதிப்பு தடித்த நூல், பேரினங்களை விளக்குவது, தொட்டி வளர்ப்புக்கு உதவாது. வளர்ப்புக் குறிப்புக்குத் தேசிய பூங்காக் கழகத்தின் இணையத் தரவுத்தளத்தில் தாவரவியல் பெயரைப் போட்டுத் தேடுங்கள், நம் வெயிலுக்கும் மழைக்கும் எழுதியது. அதோடு ஒரு காலை பூமலைக்கு, அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1879இல் அமைத்த பனைப் பள்ளத்தாக்கில் 200க்கு மேற்பட்ட வகைகள், பெயர்ப் பலகையோடு. எது வெட்டவெளியில் நிற்கிறது, எது மர நிழலில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். காசு கிடையாது.

கேள்வி: மஞ்சள் பனைக்கு என் கையேட்டில் டிப்சிஸ் என்று இருக்கிறது, கடையில் வேறு பெயர். எது சரி? (பாசிர் ரிஸ்)

அண்மையில் பெயரை மாற்றிவிட்டார்கள்: கிரைசாலிடோகார்ப்பஸ் லூட்டெசென்ஸ். செடி அதேதான்.

கேள்வி: மீன்வால் பனை உச்சியிலிருந்து கீழ்நோக்கிப் பூத்துக்கொண்டே வந்து ஒரு தண்டு சாகிறது. என்ன நோய்? (உட்லண்ட்ஸ்)

நோயே இல்லை. அதன் இயல்பு அது. கடைசிக் குலை முடிந்ததும் அந்தத் தண்டு சாகும், பக்கத்துக் கன்றுகள் வளரும். செத்த தண்டை அடியோடு எடுக்கலாம். பழத்தை வெறுங்கையால் தொடாதீர்கள், ஊசி ஊசியான படிகங்கள் அரிப்பெடுக்கும்.

கேள்வி: ஊரிலிருந்து பனங்கொட்டை கொண்டுவந்து தொட்டியில் போடலாமா? (ஜூரோங்)

முதலில் தாவரச் சுகாதாரச் சான்றிதழைப் பற்றிக் கேளுங்கள். பையில் மறைத்துக் கொண்டுவருவதை நான் ஆதரிக்க மாட்டேன்; தென்னை வகைகளைத் தின்னும் கூன்வண்டு, காண்டாமிருக வண்டு எல்லாம் இங்கே ஏற்கெனவே போதும். அதோடு பனை முளை மேலே வருவதற்கு முன் கீழே போகும். நாம் தின்னும் பனங்கிழங்கு அதுதான். முழங்கால் உயரத் தொட்டிகூட அதற்குப் பற்றாது, பிடுங்கி நட்டால் பிழைப்பதும் அரிது.

கேள்வி: பொங்கல் தோரணத்துக்கு எங்கள் தென்னையில் குருத்தோலை எடுக்கலாமா? (சிராங்கூன்)

வேண்டாம். தென்னைக்கு வளரும் முனை ஒன்றே ஒன்று. அங்கே கத்தி தவறினால் மரம் முழுசும் போய்விடும், வெட்டிய காயத்தில் கூன்வண்டும் முட்டையிடும். தேக்கா சந்தையில் ஓலை வாங்கிக்கொள்ளுங்கள்.