ராக் கிட்டார்: யார் பேர் நிற்கும்?

அன்புள்ள அண்ணனுக்கு,

மார்த்தாண்டம் பக்கம் ஒரு சபையின் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். பாறசாலையிலிருந்து வரும் நண்பன் ஒருவன் எங்களோடு லீட் (தனித்து ஒலிக்கும் முன்னணிப் பகுதி) வாசிக்கிறான். பயிற்சி முடிந்ததும் வாரம் தவறாமல் சண்டை. அவன் கட்சி இது: ஹெண்ட்ரிக்ஸ் என்றால் இரைச்சலும் கிட்டாருக்குத் தீ வைத்ததும்தான், ஜிம்மி பேஜ் மேடையில் தப்பும் தவறுமாக வாசித்தவர், கிளாப்டன் கறுப்பினக் கலைஞர்கள் வாசித்ததை எடுத்துப் பெயர் வாங்கியவர். எட்டி வான் ஹேலன் ஒருவர்தான் உண்மையான ஆள், மற்றதெல்லாம் பத்திரிகைகள் ஏற்றிவிட்ட பேர் என்கிறான். அந்த வான் ஹேலனையும் இப்போது பதினைந்து வயதுப் பையன்கள் ஃபோன் வீடியோவில் வாசித்துக் காட்டுகிறார்களே என்றால் அவனுக்குப் பதில் இல்லை. எனக்கும் இல்லை. ஒருவர் பேருக்குத் தகுதியானவரா என்று எதை வைத்துச் சொல்வது?

இன்னொரு சந்தேகமும் உண்டு. ஹெண்ட்ரிக்ஸ் பயன்படுத்திய வகையில் ஒரு ஃபஸ் பெடல் (கிட்டார் ஒலியைச் சிதைக்கும் சிறு பெட்டி) வாங்கினோம். சர்ச் மிக்ஸரில் போட்டால் காதுக்குள் கொசு பாடுகிறது. பெடல் மோசமா, கை மோசமா?

அன்புடன்,
ச., மார்த்தாண்டம்

*

அன்புள்ள ச.,

பெடலும் மோசமில்லை, கையும் மோசமில்லை. நேரே மிக்ஸரில் சொருகியதுதான் பிழை. அங்கிருந்தே தொடங்குகிறேன். ஹெண்ட்ரிக்ஸ் வெறும் இரைச்சல் என்ற முடிவுக்கு உங்கள் நண்பர் வந்ததில் அந்தக் கொசுவுக்கும் பங்கிருக்கும்.

ஃபஸ் பெடல் செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஒலி அலையின் உச்சியையும் அடியையும் வெட்டித் தட்டையாக்குகிறது. வெட்டுப்பட்ட அலையில் மேல் ஹார்மானிக்குகள், அதாவது மூல ஸ்வரத்துக்கு மேலான துணை ஒலிகள், ஏராளமாகப் பிறக்கும். கிட்டார் ஆம்பிலுள்ள பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஏறத்தாழ 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக மங்கிவிடும். அந்த மங்கல்தான் ஃபஸ்ஸைக் கேட்கத் தகுந்த ஒலியாக்குகிறது. சர்ச்சில் இருப்பது பேச்சுக்கும் கீபோர்டுக்கும் வைத்த, ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சிறு ஸ்பீக்கர்) உள்ள ஸ்பீக்கர். அது 15,000 ஹெர்ட்ஸையும் தெளிவாகப் பாடும். ஆம்ப் மறைத்திருக்க வேண்டிய குப்பை முழுவதும் சபைக்குக் கேட்கிறது.

கிட்டார் ஆம்ப் ஒன்று கிடைத்தால் அதன் முன்னால் மைக் வைத்து மிக்ஸருக்கு அனுப்புங்கள். கிடைக்காவிட்டால் ஆம்ப் ஸ்பீக்கரைப் போல ஒலியை மங்கவைக்கும் கேபினெட் சிமுலேட்டர் பெடல் ஒன்றைக் கடைசியில் சேருங்கள். டிஜிட்டல் மிக்ஸர் என்றால் அந்தச் சானலில் மட்டும் 5,000 ஹெர்ட்ஸில் லோ பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை வெட்டும் வடிகட்டி) போட்டாலே பாதி வேலை முடிந்தது. அடுத்து, கிட்டாரிலிருந்து வரும் கேபிள் முதலில் ஃபஸ்ஸுக்குத்தான் போக வேண்டும். இடையில் வயர்லெஸ் செட்டோ, பஃபர் (சிக்னலை வலுப்படுத்தும் சுற்று) உள்ள வேறு பெடலோ இருந்தால் இந்த வகை ஃபஸ் கீச்சிடும். கிட்டாரின் வால்யூமைக் குறைத்தாலும் ஒலி தெளியாது. அந்தப் பெடல் கிட்டாரின் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்னாக்கும் காந்தச் சுருள்) நேரடியாக உணர்ந்து வேலை செய்யும்படி அமைந்தது. மூன்று மீட்டர் கேபிளில் நேராகச் சொருகி, பெடலின் ஃபஸ் குமிழை ஏறக்குறைய முழுதாகத் திறந்துவிட்டு, கிட்டாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஆறு, ஏழுக்கு இறக்கிப் பாருங்கள். இரைச்சல் விலகி மணி போன்ற ஒலி வரும். திரும்ப ஏற்றினால் கத்தும்.

இந்த ஏற்ற இறக்கத்தை வாசிப்பின் நடுவிலேயே ஒரு விரலால் செய்தவர் ஹெண்ட்ரிக்ஸ். 1967இல் மான்டெரே இசை விழாவில் கிட்டாருக்குத் தீ வைத்ததை மறந்துவிடுங்கள், அது நிகழ்ச்சியின் கடைசிச் சில நிமிடங்கள். அதே ஆண்டு வெளியான 'லிட்டில் விங்' பாட்டின் தொடக்கத்தை மட்டும் கேளுங்கள். இடது கைக்காரரான அவர் வலது கைக் கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளை மாற்றிக் கட்டி வாசித்தார். கட்டை விரல் கழுத்துக்கு மேலாக வந்து ஆறாம் கம்பியில் அடிச்சுரத்தைப் பிடிக்கும். அதனால் மற்ற நான்கு விரல்களும் விடுதலையாகி, கார்டுக்குள்ளேயே சின்னச் சின்ன ஸ்வர நகாசு செய்யும். ஒரே ஆள் ரிதமும் (தாளப் பின்னணி) லீடும். ஒரு விரலால் எல்லாக் கம்பிகளையும் குறுக்கே அழுத்தும் பார் கார்டைப் பிடித்துக்கொண்டு அதை வாசிக்க முயன்றால் சுண்டு விரலைத் தவிர வேறெதுவும் அசையாது. நிறையப் பேர் அங்கேதான் தோற்கிறார்கள். கம்பிகளை அரை ஸ்வரம் இறக்கிக் கட்டியதும் ஒரு காரணத்தோடுதான்: இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும், கம்பியை வளைக்கக் கை லேசாகும். அவர் பேரில் ஒரு துளியும் மிகையில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. வேகத்தை வைத்து அளந்தால் ஒவ்வொரு தலைமுறையும் முந்தைய தலைமுறையைத் தோற்கடிக்கும், அதில் வியப்பில்லை. கிட்டாருக்குப் பிறவிக் குறைகள் இரண்டு. மீட்டிய நொடியிலேயே ஒலி சாகத் தொடங்குகிறது. ஃப்ரெட் (கழுத்திலுள்ள குறுக்குக் கம்பிகள்) இருப்பதால் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவிலுள்ள இடம் அடைபட்டுவிடுகிறது. இந்த இரண்டில் ஒன்றையாவது புதிதாக ஒரு வழியில் கடந்தாரா, அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த வழியில் நடக்கிறார்களா என்று பாருங்கள். என் அளவுகோல் அதுதான்.

இந்த இரண்டாவது குறை நம் காதுக்குப் புதிதல்ல. வீணையிலும் மெட்டு என்ற பேரில் ஃப்ரெட் உண்டு. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துத்தான் கமகம் வருகிறது, ஒரே மெட்டிலிருந்து மூன்று நான்கு ஸ்வரம் மேலே போகிறார்கள். ஆகவே ராக் கிட்டாரில் பெண்ட் (கம்பியை வளைத்து ஸ்வரத்தை ஏற்றுவது) சுத்தமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல நாஞ்சில் நாட்டுக் கச்சேரி ரசிகருக்கு எந்தப் பத்திரிகையின் பட்டியலும் தேவையில்லை. இரண்டாம் கம்பியில் பத்தாம் ஃப்ரெட்டை மீட்டிக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எட்டாம் ஃப்ரெட்டிலிருந்து அதே ஸ்வரத்துக்கு வளையுங்கள். டியூனரைப் பார்த்தால் பெரும்பாலும் கொஞ்சம் கீழேயே நின்றிருப்பீர்கள். மோதிர விரல் மட்டும் தள்ளுவதுதான் காரணம். அதன் பின்னால் நடுவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து, மணிக்கட்டு திரும்பினால்தான் ஸ்வரம் போய்ச் சேரும். ப்ளூஸ் கலைஞர் பி.பி. கிங் சேரும் இடத்தில் ஒரு மயிரிழைப் பிசகு இருக்காது, அங்கே போய் நின்று நடுங்கும் வைப்ரேட்டோவும் ஒரே அளவில் சுழலும். வேகமே இல்லாத அவருடைய வாசிப்பு இன்றும் எல்லாருக்கும் பாடமாக இருப்பது அதனால்தான்.

கிளாப்டன் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. கறுப்பின ப்ளூஸ் கலைஞர்கள் ஃப்ரெடி கிங், ராபர்ட் ஜான்சன் இருவரும் இல்லாமல் அவர் இல்லை. ஆனால் 1966இல் ப்ளூஸ் குழுத் தலைவர் ஜான் மேயாலுடன் பதிவு செய்த ஆல்பத்தில் அவர் செய்தது வேறு. கிப்ஸன் நிறுவனம் பழைய வடிவ லெஸ் பால் கிட்டாரை அப்போது தயாரிக்கவே இல்லை. 1968இல்தான் திரும்பக் கொண்டுவந்தது. அந்தப் பழைய கிட்டார் ஒன்றை ஸ்பீக்கரும் சேர்ந்த ஒரு மார்ஷல் காம்போ ஆம்பில் போட்டு, ஸ்டுடியோவில் வழக்கமில்லாத அளவுக்கு வால்யூமைத் திறந்தார். ஆம்பின் வால்வுகள் (வெற்றிடக் குழாய்கள்) தாங்காமல் அலையைத் தாங்களே மெதுவாக நசுக்க, மீட்டிய ஒலி சாகாமல் வயலின் போல நீண்டது. சிதைந்த கிட்டார் ஒலி அதற்கு முன்பே உண்டு: லிங்க் ரே 1958லேயே செய்திருக்கிறார், 1964இல் டேவ் டேவிஸ் ஸ்பீக்கர் காகிதத்தையே கிழித்து வாசித்தார். அதைப் பாடவைத்ததுதான் கிளாப்டனின் பங்கு. 1966 முதல் 1970 வரையுள்ள கிளாப்டனுக்கு அந்தப் பேர் முழுக்கத் தகும். அதற்குப் பின் வந்தவற்றில் பெரும்பாலானவை அந்தப் பழைய வெளிச்சத்தில் நிற்பவை என்பதே என் கருத்து.

எடுத்தாண்டார் என்பதை மட்டும் குற்றமாக வைத்தால் யாருமே மிஞ்சமாட்டார்கள். சக் பெர்ரியின் 'ஜானி பி. குட்' (1958) தொடக்கமே 1946இல் லூயி ஜோர்டன் குழுவில் கார்ல் ஹோகன் வாசித்ததுதான், கிட்டத்தட்ட ஸ்வரத்துக்கு ஸ்வரம். பேர் சொல்லாமல், காசு கொடுக்காமல் எடுப்பது வேறு கதை. பேஜின் குழுவான லெட் செப்பலின் மேல் ப்ளூஸ் பாடலாசிரியர் வில்லி டிக்ஸன் 1985இல் வழக்குத் தொடுத்தார், 1987இல் சமரசமாயிற்று. அந்தக் கறை நியாயமானது.

பேஜ் மேடையில் தடுமாறுவார் என்பதும் உண்மைதான், 1970களின் பின்பாதிப் பதிவுகளில் அது நன்றாகவே கேட்கும். ஆனால் அவருடைய பேரை லீட் வாசிப்பின் கணக்கில் எழுதியதே தவறு. அவர் தயாரிப்பாளர், ஒலியைக் கட்டிடம் போல எழுப்பியவர். அவர் குழுவின் கனமாகக் கேட்கும் முதல் ஆல்பத்தில் அவர் வாசித்தது பெரும்பாலும் மெல்லிய ஒலிக்குப் பேர்போன டெலிகாஸ்டர் கிட்டார், அதோடு ஒரு சிறிய சுப்ரோ ஆம்ப். ஆம்பை ஒட்டி ஒரு மைக்கும் தள்ளி ஒன்றும் வைத்து அறையின் காற்றையும் சேர்த்துப் பிடித்தார். உங்கள் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டைப் பதிவு செய்யும்போது ஆம்புக்கு அரை அடியில் ஒரு மைக், எட்டு அடியில் இன்னொன்று வைத்துப் பாருங்கள். தூர மைக்கின் ஒலி சற்றுத் தாமதமாக வரும். இரண்டையும் சேர்த்தால் ஒலி மெலிகிறதென்றால் தூர மைக்கை ஓரடி நகர்த்துங்கள், இரண்டு அலையும் ஒன்றையொன்று அழிப்பது குறையும்.

வான் ஹேலன். டாப்பிங்கை (மீட்டும் கையின் விரலாலும் ஃப்ரெட்டில் தட்டி வாசிப்பது) அவர் கண்டுபிடிக்கவில்லை, 1971லேயே ஜெனசிஸ் குழுவின் ஸ்டீவ் ஹாக்கெட் பதிவில் வாசித்திருக்கிறார். 1978இல் வந்த வான் ஹேலனின் 'எரப்ஷன்' மொத்தமே 1 நிமிடம் 42 விநாடி. அதன் டாப்பிங் பகுதி இரண்டாம் கம்பியில் ஒன்பது, இரண்டு, ஐந்து என்ற ஃப்ரெட்டுகளில் தொடங்குகிறது. பதினைந்து வயதுக்காரருக்கு அது வருவதில் ஆச்சரியமில்லை. அவர்களிடம் கேட்க வேண்டியது மூன்று ஸ்வரமும் ஒரே கனத்தில் விழுகிறதா என்பது. தட்டிய ஸ்வரம் பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் கேட்டால் விரலை நேரே மேலே தூக்குகிறார்கள் என்று பொருள். பக்கவாட்டில் கம்பியைச் சுண்டிவிட்டு எடுக்க வேண்டும். சும்மா இருக்கும் கம்பிகள் முனகினால் உள்ளங்கை அவற்றை மூடவில்லை. இவ்வளவும் சரியாக வந்தபின் அதே ஆல்பத்தில் அவருடைய ரிதம் வாசிப்பைக் கொடுங்கள். அங்கேதான் முக்கால்வாசிப் பேர் நின்றுவிடுவார்கள். உண்மையான வான் ஹேலன் அந்த வலது கையில் இருக்கிறார்.

பிளாக் சபாத் குழுவின் டோனி அயோமியின் பேரை நீங்கள் இருவருமே எடுக்கவில்லை. தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர். இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்த வேண்டியது அந்தக் கைதான். உருக்கிய பிளாஸ்டிக் பாட்டிலில் விரலுறை செய்து தோல் ஒட்டினார், பாஞ்சோவின் மெல்லிய கம்பிகளைக் கட்டினார். 1971இல் சில பாட்டுகளுக்குச் சுருதியை மூன்று அரை ஸ்வரம் இறக்கினார். இழுவிசை 29 சதவீதம் குறைகிற இறக்கம் அது. கனத்த மெட்டல் ஒலி முழுவதும் அந்த விரல்களிலிருந்து வந்தது.

ஜெஃப் பெக், கமகக் காது உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியவர். 1989இன் 'வேர் வேர் யூ' கேளுங்கள். கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மானிக்கை மீட்டி, கம்பிகள் முடியும் பிரிட்ஜிலுள்ள கைப்பிடியால் அதை ஏற்றி இறக்கியே பாட்டின் மெட்டைப் பாடுகிறார். என் பட்டியலில் ஹெண்ட்ரிக்ஸுக்கு அடுத்தவர் இவர்.

கடைசியாக, கிடைக்க வேண்டிய பேர் கிடைக்காமலே போனவர் உங்கள் குழுவுக்கு மிக நெருக்கமானவர். சிஸ்டர் ரொசெட்டா தார்ப், 1915இல் பிறந்த, தேவாலயத்திலிருந்து வந்த பாடகி. 1940களிலேயே எலெக்ட்ரிக் கிட்டாரோடு கீர்த்தனை பாடினார். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2018இல், இறந்து 45 ஆண்டுகள் கழித்து. 1964 மே 7 அன்று மான்செஸ்டரில், கைவிடப்பட்ட ஒரு ரயில் நிலையத்தில், வெள்ளை கிப்ஸன் கிட்டாரோடு மழையைப் பற்றிய பாட்டை அவர் வாசித்த படப்பதிவு இருக்கிறது. அடுத்த பயிற்சிக்கு முன் நண்பரோடு உட்கார்ந்து பாருங்கள். குரல் பாடும்போது கிட்டார் ஒதுங்கிக்கொள்ளும். வரி முடிந்த இடைவெளியில் மட்டும் குறுக்கே வந்து பதில் சொல்லும். உங்கள் அடுத்த ஞாயிற்றுக்கிழமைப் பாட்டில் லீட் வாசிப்பவரை வரிகளுக்கு நடுவிலுள்ள அந்த இரண்டு தாளத்தில் மட்டும் வாசிக்கச் சொல்லுங்கள். ஃபஸ் வேண்டாம், வால்யூம் ஏழு போதும்.