நீலகிரிச் சதுப்புகள் ஏன் வற்றுகின்றன? – கேள்வி பதில்

கேள்வி: மலை உச்சியில் சதுப்பா? தண்ணீர் சரிவில் ஓடிவிடாதா ஐயா? (கல்லூரி மாணவி, கோவை)

நீலகிரியின் மேல்பகுதி கூரான உச்சி அல்ல. 2,000 மீட்டருக்கு மேல் அலையலையாகக் கிடக்கும் பீடபூமி. குன்றுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் நீர் தேங்குகிறது. குளிரும் ஈரமும் சேர்ந்து, மடிந்த புல்லை முழுதாக மட்கவிடாமல் கறுத்த பீட் மண்ணாகப் படியவைக்கின்றன. மழைக்காலத்தில் அது பிடித்துவைக்கும் நீர்தான் கோடையில் ஓடைகளுக்குக் கசிந்துவருகிறது.

கேள்வி: எல்லாவற்றுக்கும் பருவநிலை மாற்றந்தானே காரணம்? (அதே மாணவி)

பருவநிலை எப்போதும் மாறித்தான் வந்திருக்கிறது. அதற்குச் சாட்சியே இந்த பீட் மண்தான். வறட்சியைத் தாங்கும் புற்கள் ஒரு விதமாகவும் மரங்கள் வேறு விதமாகவும் கார்பனைச் சேர்க்கின்றன. அந்த வேறுபாட்டை பீட் மண்ணில் அடுக்கடுக்காக அளந்து, 1993-இல் சூழலியலாளர் ஆர். சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் கட்டுரை வெளியிட்டார்கள். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், இங்கே வறட்சி நிலவியது. பின்னர் பருவமழை வலுத்தது. ஆனால் அவை ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் நடந்தவை. இன்று ஒரு வாய்க்கால் ஒரே கோடையில் ஒரு சதுப்பை வடித்துவிடுகிறது. வானத்தைக் குறை சொல்வது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

கேள்வி: மரம் நட்டால் நீர் பெருகும் என்றுதானே படித்தோம்? (ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்)

எங்கே, எந்த மரம் என்பதைப் பொறுத்தது. 1840-களில் விறகுக்காகக் கொண்டுவரப்பட்ட கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) சீகையும் (வாட்டில் மரம்) பிற்காலத்தில் புல்வெளிகளெங்கும் பரவின. நீலகிரியிலுள்ள கிளென்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டார்கள்: ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள், மற்றதில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் சுற்றிலேயே ஆண்டு நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுபடி தழைத்த சுற்றில் இழப்பு இன்னும் கூடியது. புல்வெளியை வெற்று நிலம் என்று கணக்கெழுதியவர்கள் செய்த வேலை இது.

கேள்வி: பள்ளத்தில் கேரட் போடுகிறோம். வாய்க்கால் வெட்டாவிட்டால் வேர் அழுகிவிடுமே? (விவசாயி, ஊட்டி அருகே)

அழுகும்தான். ஆனால் நீர் வடிந்தால் பீட் மண்ணுக்குள் காற்று புகுந்து, பல ஆயிரம் ஆண்டுப் படிவு வேகமாக மட்கும். நிலம் தாழும், கார்பன் காற்றில் கலக்கும். உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலேய கலெக்டர் ஜான் சல்லிவன் 1820-களில் அணை கட்டி உண்டாக்கிய ஊட்டி ஏரியின் ஒரு பகுதிதான், குதிரைப் பந்தய மைதானமாக இருந்த நிலமும் இன்றைய பஸ் நிலையமும். குந்தா மின் திட்ட அணைகள் பள்ளத்தாக்குகளையே மூழ்கடித்தன. ஏற்கெனவே உழுத பள்ளத்தில் பயிரிடுங்கள்; புதிதாக ஒன்றைத் திறக்காதீர்கள்.

கேள்வி: நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் எருமைகள் மேய்வதும் காரணமா?

நான் ஏற்கவில்லை. சதுப்பு போனால் முதலில் பாதிக்கப்படுவதே அவர்கள்தான்: கோயில் கூரை வேயும் புல் அங்கேதான் வளர்கிறது.

கேள்வி: 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை. சதுப்புகள் இருந்திருந்தால் வெள்ளம் வந்திருக்காதா?

வந்திருக்கும். ஏற்கெனவே ஊறிய மண் அந்த அளவு மழையைத் தாங்காது.

கேள்வி: சீகையை வெட்டினால் போதுமா? (தன்னார்வலர், கோத்தகிரி)

போதாது. அதன் விதை மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடந்து, வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். வடிகாலை முதலில் அடைத்துவிடுங்கள், நீர்மட்டம் ஏறட்டும். பிறகு வெட்டுங்கள், ஆண்டுதோறும் கன்றுகளைக் கையால் பிடுங்குங்கள். புல் தானாக வராத இடத்தில் அருகிலுள்ள சதுப்பிலிருந்தே விதை எடுங்கள்.