ஏஐ ஏஜென்ட்டுக்கு எஸ்டிகே வெர்ஷன் சொல்ற டூல்னா என்னங்க, அதுக்கு டாக்குமென்ட் எதுக்கு?

எஸ்டிகேங்கறது புரோகிராம் எழுதத் தேவையான சாமான் எல்லாம் சேர்ந்த ஒரு கட்டுங்க. நம்ம மிஷின்ல அதுல எந்த வெர்ஷன் கெடக்குதுன்னு பாத்து ஏஜென்ட்டுக்கு (நமக்காக தானா புரோகிராம் எழுதித் தர்ற ஏஐ) சொல்றதுதான் இந்த டூல் வேலை, டாட்நெட்டுல (மைக்ரோசாஃப்ட்டோட புரோகிராம் தளம்) இன்ஸ்டால் ஆன எஸ்டிகே எல்லாத்தையும் பட்டியல் போடற கமாண்ட் இருக்குதுல்ல, அந்த மாதிரி.

எதுக்குன்னா, ஏஜென்ட் படிச்சதெல்லாம் ஒரு தேதியோட நின்னுபோச்சு, நம்ம மிஷின்ல என்ன இருக்குன்னு தானா தெரியாது. பைத்தான்ங்கற புரோகிராம் மொழியோட 3.12 வெர்ஷன்ல, டிஸ்ட்யூட்டில்ஸ்ங்கற பழைய பேக்கேஜையே எடுத்துட்டாங்க, அது தெரியாம பழைய ஞாபகத்துல இம்போர்ட் பண்ணி எழுதுச்சுன்னா பெரும்பாலும் எரர்தான்.

கோயமுத்தூர்ப் பக்கம் கெணத்து மோட்டார் ஓடலீங்கன்னு மெக்கானிக்குக்கு போன் போட்டா, மொதல்ல பிளேட்டுல எத்தன எச்பி, என்ன மாடல்னு கேட்டுட்டுத்தானே ஸ்பேர் எடுத்துட்டு வருவாரு, கேக்காம வந்தா தோட்டத்துக்கும் டவுனுக்கும் ரெண்டு நடை (பெட்ரோல் காசு நம்ம தலைல).

இந்த டூலோட டாக்குமென்ட்ல, அதாவது ஏஜென்ட் படிக்கற விளக்கக் குறிப்புல, முக்கியமா எழுதோணும்னா, எஸ்டிகே இல்லாட்டி டூல் என்ன பதில் தரும்ங்கறதைத்தான். அதைச் சொல்லாம விட்டா ஏஜென்ட் குத்துமதிப்பா ஒரு நம்பர் போட்டுக்கும், அங்கதான் வம்பே. ரெண்டு மூணு வெர்ஷன் இருந்தா இந்த புராஜெக்ட் எதை எடுக்குதுன்னும் சொல்லோணும்.

நெறையப் பேரு இந்த டூல் வெர்ஷனை அப்டேட்டும் பண்ணிடும்னு நெனைக்கறாங்க, இல்லீங்க, இருக்கறதைச் சொல்லும், அவ்ளோதான்.